வடிவுக்கு முடி வெட்டக் கூடாது

“பையனா, பொண்ணா?” என்று கேட்டார் எஸ்தர் மிஸ்.

பெற்ற தகப்பனிடம் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே சுலபமானது இதுதான். ஆனால் சுவாமிநாதனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காரணம், மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த காரியம். நர்சரியின் மரத்தரை வராந்தாவில், முடிவெட்டுகிறவர் ஒரு சின்னப் பையனை ஸ்டூலில் உட்கார வைத்து மெஷின் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தலை முடிந்திருந்தது. மீதிப் பையன்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

“என்ன மிஸ்டர், பதிலையே காணோம்? பையன்னா இன்னிக்கே கட்டிங். பொண்ணுன்னா ரெட்டைச் சடை, ரிப்பன். பேன் விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

“இல்ல மிஸ், சாமிக்கு...” என்று ஆரம்பித்தார் சுவாமிநாதன்.

“சாமியைப் பத்திப் பேசாதீங்க. போன வருஷம் ஒருத்தர் ஆளனுப்பிக் கேட்டார், பையனுக்குப் பழனிக்கு முடி விட்டிருக்கு, வெட்டாம வச்சுக்க முடியுமான்னு. ஒருத்தருக்காக ரூலை மாத்த முடியாதுன்னு சொல்லியனுப்பிட்டேன். அப்புறம் அவர் பையனைக் கூட்டிட்டு வரவே இல்ல.”

சுவாமிநாதனின் இடுப்பில், மங்கி குல்லாவுக்குள், குழந்தை சூடான பன்னைச் சப்பிக்கொண்டிருந்தது. குல்லாவுக்கு அடியில் தோள் வரை முடி தொங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் மெஷின் ‘கிறுக் கிறுக்’ என்றது.

“பொண்ணு, மிஸ்” என்றார் சுவாமிநாதன்.

“அதானே, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே. பேரு?”

“வடிவே...” பாதியில் அவருக்கு ஒரு பெரிய இருமல் வந்தது. கொடைக்கானல் குளிரில் யாருக்கும் வரக்கூடிய இருமல்தான். “வடிவு, மிஸ்.”

இப்படியாக, 1963-ஆம் வருஷம் ஒரு பனிக்காலக் காலையில், வடிவேல் என்ற ஆண்பிள்ளை வேலை இழந்து வடிவு ஆனான். பொய் என்று சொல்ல முடியாது, பேரில் பாதி உண்மைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சுவாமிநாதன் ஆபீசுக்கு நடந்தார்.

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்த முடியின் கதையைக் கேட்டுவிட வேண்டும். சுவாமிநாதன் பழனிக்காரர். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் மட்டும் நகரசபை ஆபீசில் கிளார்க் உத்தியோகம் கிடைத்து மலையேறி வந்தவர். அவர் மனைவி சிவபாக்கியம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, ஏறாத படியெல்லாம் ஏறி, கடைசியில் “பிள்ளை பிறந்தால் முதல் முடி உனக்குத்தான்” என்று பழனியாண்டவனிடம் ஒப்படைத்த பிறகு பிறந்தவன் வடிவேல்.

முதல் முடி என்றால் அதில் ஒரு கத்திரியும் பட்டிருக்கக் கூடாது. அதை இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தாய்மாமன் பழனிமுத்துவோ பட்டாளத்தில் இருந்தான். வடக்கே எல்லையில் சண்டை நடந்து முடிந்த சமயம். லீவு கேட்டு அவனும் சலித்துப்போனான், கொடுக்க மாட்டேன் என்று சொல்லி மேலதிகாரியும் சலித்துப்போனார். இவர்களுடைய சங்கடம் தெரியாமல் முடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட சிவபாக்கியம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

“பத்து மாசம் சுமந்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பிள்ளையப் பொண்ணா மாத்திட்டு வந்திருக்கீங்க!”

“கொஞ்ச நாளைக்குத்தான் பாக்கியம். பழனிமுத்து வந்ததும் மொட்டையடிச்சுப் பையனாக்கிரலாம்.”

“நேராப் போய் உண்மையச் சொல்லிருங்க.”

“சொன்னா முடி போயிரும்.”

“அப்ப நர்சரி வேண்டாம்.”

“வேண்டாம்னா, ஒண்ணு நீ வேலைய விடணும். இல்ல, எங்க மதினி கேக்குற மாதிரி பிள்ளையப் பழனிக்கு அனுப்பணும்.”

சிவபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். பழனியில் சுந்தராம்பாள் மதினிக்குப் பிள்ளைகள் மேல் உயிர். அனுப்பினால் ராஜா மாதிரி வளர்ப்பாள். ஆனால் அனுப்பிவிட்டு இவர்கள் எப்படி இருப்பது? சாயங்காலம் மூடுபனிக்குள் வீட்டுக்கு வரும்போது, எதிரே ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைக்குள்ளிருந்து “அப்பா” என்று ஒரு சத்தம் மட்டும் முதலில் வரும். பிறகு குல்லா வரும், பிறகு பிள்ளை வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் சுவாமிநாதன் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அது இல்லாத ஒரு சாயங்காலத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் சிவபாக்கியம் தன்னுடைய பழைய பட்டுப்புடவையைக் கிழித்துப் பாவாடை தைத்தாள்.

அந்தக் காலத்துக் கொடைக்கானலில் ஏரிக்கரையில் இவ்வளவு கூட்டம் கிடையாது. சீசன் முடிந்தால் ஊரே கம்பளிக்குள் சுருண்டு படுத்துவிடும். பஸ் மலையேறி வரும் சத்தம் செண்பகனூர் திருப்பத்திலேயே கேட்டுவிடும், இன்றைக்கு லேட்டா, சரியான நேரமா என்று வீட்டிலிருந்தபடியே சொல்லலாம். எஸ்தர் மிஸ்ஸின் நர்சரி செண்பகனூர் போகும் பாதையில், ஓட்டுக்கூரை போட்ட பழைய பங்களாவில் இருந்தது. வேலியோரம் பந்து பந்தாக நீலப் பூக்கள். உள்ளே நுழைந்தால் யூகலிப்டஸ் தைலமும் சூடான பாலும் கலந்து ஒரு வாசனை வரும். இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. அந்த வாசனையை எங்கே போய்த் தேடுவது?

பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டது சின்னத்தாயி என்ற ஆயா. வில்பட்டிக்காரி. சொந்தமாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்ட குடும்பம். காய்கறிக்கூடைக்காரிகளோடு வெள்ளனே கிளம்பி டவுனுக்கு நடந்து வருவாள். மிஸ்ஸுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் சின்னத்தாயிக்குத் தெரியாமல் நடக்காது என்பது சுவாமிநாதனுக்குப் புரிந்தது. அவளை வேலிப்பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆயா, ஒரு ரகசியம். உசிரு போனாலும் வெளிய சொல்லக் கூடாது.”

“சொல்லுங்க சாமி.”

“இது பொண்ணு இல்ல.”

“சரிங்க.”

அவள் நெஞ்சில் கை வைத்து அலறுவாள் என்று சுவாமிநாதன் எதிர்பார்த்திருந்தார். அவள் கொட்டாவி விட்டாள். ஒருவேளை சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார்.

“பையன்.”

“பொண்ணு இல்லைன்னா பையன்தானே சாமி. புள்ளையக் குடுங்க, பனி விழுகுது. எனக்குச் சோலி கெடக்கு.”

“கேளு. முடியில கத்திரியே படக் கூடாது. ஒண்ணுக்கு வந்தா மிஸ் கண்ணுல படாம பின்பக்கம் கூட்டிட்டுப் போகணும். உக்காந்துதான் போகணும்னு சொல்லிக் குடு. துணி மாத்துறது கதவச் சாத்திக்கிட்டு. எங்க, நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு.”

“முடி வெட்டக் கூடாது. பின்பக்கம். உக்காரணும். கதவு. பேரு கந்தம்மா.”

“வடிவு!”

“ஆமா, வடிவு. பேருல என்ன சாமி கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள்.

தன் குடும்ப மானத்தையே ஒரு மறதிக்காரியின் கையில் கொடுத்துவிட்டோம் என்று அன்று முழுக்க சுவாமிநாதன் ஆபீசில் தவித்தார். தண்ணீர்க் குழாய் கேட்டு வந்த ஒருவரிடம், “உக்காந்துதானே போறீங்க?” என்று கேட்டுவைத்தார்.

பயந்தது வீண்போகவில்லை. காலையில் சிவப்பு ரிப்பனோடு போன பிள்ளை சாயங்காலம் பச்சை ரிப்பனோடு வந்தது.

“ஆயா, சிவப்பு ரிப்பன் எங்க?”

“அது பொன்னம்மா தலையில கெடக்கு சாமி.”

“ஒரு பிள்ளையோட சாமான இன்னொரு பிள்ளைக்குப் போடாதன்னு சொன்னேனே!”

“எல்லாம் ஒரே மாதிரி கெடக்குதுக. நான் எதுன்னு பாக்க?”

ஒரே மாதிரி இருந்தால்தானே குழப்பம் என்று, சிவபாக்கியம் பாவாடைக்குள் போடும் கால்சட்டையில் ஒரு மயிலைப் பூவேலை செய்து அனுப்பினாள். மயில் போட்டதுதான் தங்கள் பிள்ளையுடையது என்று ஆயாவிடம் படித்துப் படித்துச் சொன்னார் சுவாமிநாதன். அன்று சாயங்காலம் மயில் வேறு வீட்டுக்குப் பறந்துவிட்டது. வடிவு ஏதோ ஒரு கோடு போட்ட கால்சட்டையில் வந்து சேர்ந்தான்.

அந்த மயிலை மறுநாள் கையோடு கொண்டுவந்து கொடுத்தவரைப் பார்த்ததும் சுவாமிநாதனுக்குக் காலடியில் மலை நழுவியது.

அவர் பெயர் சுப்புராஜ். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டர். எந்த வளைவில் ஏறுவார் என்று கண்டக்டருக்கே தெரியாது. மடியில் போர்வை போர்த்திப் படுக்க வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, “இதுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சே, அரை டிக்கெட் எங்க?” என்று கேட்கிற ஆள். போர்வைக்குள் இருப்பதையே கண்டுபிடிக்கிறவருக்குப் பாவாடை எம்மாத்திரம்? அவருடைய மகள் சண்முகசுந்தரியும் அந்த நர்சரியில்தான் இருந்தாள்.

“இது உங்க வடிவோடதா சார்?” என்று காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார் சுப்புராஜ்.

“ஆமாங்க. இது உங்க சண்முகசுந்தரியோடது” என்று இவரும் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

இருவரும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குளிரிலும் சுவாமிநாதனுக்கு வேர்த்தது. சுப்புராஜ் குனிந்து வடிவை உற்றுப் பார்த்தார்.

“முடி ரொம்ப அடர்த்தி. என்ன எண்ணெய்?”

“வெளக்கெண்ணெய்ங்க.”

“தாய்மாமன் இருக்காரா?”

சுவாமிநாதன் பிள்ளையின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார். “இருக்காரு. எதுக்குக் கேக்குறீங்க?”

“சும்மாதான்” என்றார் சுப்புராஜ். மீசையைத் தடவிக்கொண்டு வெரசா நடந்து பனிக்குள் மறைந்துவிட்டார்.

கண்டுபிடித்துவிட்டான் என்று சுவாமிநாதன் முடிவு கட்டினார். அதற்கப்புறம் சுப்புராஜ் எதிரில் வந்தால் இவர் கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு தடவை அப்படி நுழைந்த இடம் வளையல் கடையாக இருந்தது. நுழைந்த பாவத்துக்கு வடிவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த வளையல் புதுத் தொந்தரவைக் கொண்டுவந்தது. வடிவேலுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை டிரவுசர் போடப் போனால், “நான் வடிவு” என்று அழுதான். சடை பின்னும்போது சாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பான். சிவபாக்கியம் அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நெற்றியில் பொட்டு வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள். பெண் வேண்டும் என்றுதான் அவள் முதலில் கேட்டாளாம். அதை அன்றைக்குத்தான் சுவாமிநாதனிடம் சொன்னாள். பிள்ளைகள் அந்த உயரத்தில் இருப்பது எவ்வளவு கொஞ்ச காலம்! பின்னாளில் எத்தனை நல்ல நாட்கள் வந்தும், அந்தப் பாவாடை நாட்களை நினைத்தால் இருவருக்கும் மனசு இளகிவிடும்.

ஆனால் நர்சரியில் வடிவின் பெண்மை போதவில்லை.

“மிஸ்டர் சுவாமிநாதன், உங்க டாட்டர் வேலி மேல ஏறுறா” என்றார் எஸ்தர் மிஸ். “பசங்களைத் தள்ளிவிடுறா. சண்முகசுந்தரியைப் பாருங்க, வாயைத் திறக்கிறதில்ல. இடத்தை விட்டு அசையறதில்ல. கந்தம்மாளைப் பாருங்க, எவ்வளவு வெக்கம். ஆயா பக்கத்துல இல்லாம எங்கயும் போக மாட்டா. பொண்ணுன்னா அப்படி இருக்கணும்.”

“வீட்டுல சொல்றேன் மிஸ்.”

“சொன்னா வராது. நான் ட்ரெயின் பண்றேன். ஆண்டு விழாவுக்குக் கும்மி வச்சிருக்கேன். வடிவும் ஆடட்டும். மெட்ராஸ்லேர்ந்து சீசனுக்கு வந்திருக்கிற ஜட்ஜ் வீட்டு அம்மாதான் சீஃப் கெஸ்ட்.”

கும்மி! ஊர் கூடிய இடத்தில், எல்லாக் கண்களுக்கும் நடுவில்! சுவாமிநாதன் யோசித்தார். காய்ச்சல் என்று சொல்லி விழா முடியும் வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, ஆபீசுக்கும் லீவு போட்டார். சின்னத்தாயி மூலமாகச் சொல்லியனுப்பினார்.

காய்ச்சல் என்று கேட்டால் எஸ்தர் மிஸ் சும்மா இருக்கிறவர் இல்லை. பிள்ளைகள் மேல் அவருக்கு நிஜமாகவே பாசம். மத்தியானமே பிளாஸ்க்கில் சூப்போடு வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் டிரவுசர் மாட்டியிருந்த வடிவேல், கையில் கேரட்டோடு முற்றத்தில் குதிரை ஓடிக்கொண்டிருந்தான்.

“இது யாரு? வடிவு மாதிரியே இருக்கு!”

“இது... இது வடிவோட அண்ணன், மிஸ். வடிவு உள்ள தூங்குறா.”

“அண்ணனா? ஒரே சைஸா இருக்கானே?”

“ரெட்டை, மிஸ்.”

“ட்வின்ஸா! சொல்லவே இல்லையே!” மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி சுருங்கியது. “ஆனா என்ன இது, ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு முடி? நாளைக்கே கூட்டிட்டு வாங்க, அட்மிஷனும் போட்டு, கட்டிங்கும் பண்ணிரலாம்.”

“இவன் இங்க இருக்க மாட்டான் மிஸ்” என்றார் சுவாமிநாதன். வாய் தானாகப் பேசியது. “பழனியில எங்க மதினி வீட்டுல வளருறான். இன்னிக்கு சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவான்.”

எஸ்தர் மிஸ் குதிரை ஓடும் பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“கூடப் பிறந்ததைப் பிரிச்சு வச்சிருக்கீங்களே. அதான் வடிவுக்குக் காய்ச்சல். ஏக்கம். வேற ஒண்ணுமில்ல. நான் அவளை நடுவில நிறுத்தி ஆட வைக்கிறேன். மனசு சந்தோஷப்பட்டா எல்லாம் சரியாயிரும்.”

அன்று சாயங்காலம் பழனி பஸ் போனதிலிருந்து வடிவேலை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் வடிவு நர்சரிக்குப் போனாள், கும்மியின் நடுவில் நின்றாள்.

ஆண்டு விழா நர்சரித் தோட்டத்தில் நடந்தது. மேலே நல்ல வெயில், கீழே பள்ளத்தாக்கிலிருந்து புகையாக ஏறி வரும் பனி. சீசனுக்கே உரிய அந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் அழகாகத் தெரிந்தது. நாற்காலிகளில் அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாது என்று எஸ்தர் மிஸ் எல்லோருக்கும் டம்ளர் நிறையக் கோக்கோ கொடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் சுவாமிநாதன் எழுந்து பின்பக்கம் ஓடினார்.

“ஆயா, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். வேற எதையும் நீ நினைவு வச்சுக்க வேண்டாம். கும்மி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வடிவப் பின்பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு. முதல்ல வடிவு. புரியுதா? முதல்ல!”

“முதல்ல... சரிங்க சாமி” என்றாள் சின்னத்தாயி. அவள் முகத்தில் காலையிலிருந்தே ஒரு களைப்பு இருந்தது.

எஸ்தர் மிஸ் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். பாட்டு அவரே கட்டியது. “கேரட்டுத் தோட்டம் போகலாமா, கிழங்கு பறித்து வரலாமா” என்று ஆரம்பிக்கும். சண்முகசுந்தரி, கந்தம்மாள் எல்லோரும் பாவாடையும் ஸ்வெட்டருமாக வட்டமிட்டு வந்தார்கள். நடுவில் வடிவு, வளையல் குலுங்க, ஜொலித்துக்கொண்டிருந்தாள். ஜட்ஜ் வீட்டு அம்மா, “அந்த நடுக் குழந்தை யாரு, என்ன முடி!” என்று கேட்டார். சிவபாக்கியத்துக்குப் பூரித்துப்போயிற்று. சுவாமிநாதன்கூட ஒரு நிமிஷம் தன் பயத்தை மறந்து, நம் பெண்தான் எல்லாரிலும் லட்சணம் என்று நினைத்துவிட்டார்.

கிழங்கு பறிக்கிற இடம் வந்தபோது வடிவு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முகம் தகப்பனைத் தேடியது. அந்த முகத்தின் அர்த்தம் சுவாமிநாதனுக்குத் தெரியும். அவர் பதறிக்கொண்டு எழுவதற்குள் பிள்ளை வட்டத்தை விட்டு வெளியே வந்தது, நீலப்பூ வேலியோரம் போனது, பாவாடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டது, நின்றது.

நின்றதுதான் தப்பு.

“வடிவேலு!” சுவாமிநாதனின் குரல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். “டேய், உக்காருடா!”

ஆர்மோனியம் ஒரு சுருதியில் இழுத்து, மூச்சு வாங்கி, அடங்கியது.

“வடிவேலா?” என்று கேட்டார் எஸ்தர் மிஸ்.

தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. வேலியோரத்தில் மட்டும் கோக்கோவின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

“மிஸ், பையன்தான்” என்றார் சுவாமிநாதன். இனி இருமலாலும் பிரயோஜனமில்லை. “எங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பிறந்தவன். முதல் முடி பழனிக்குன்னு வேண்டிக்கிட்டோம். தாய்மாமனுக்கு இன்னும் லீவு கிடைக்கல. அதான்...”

“அப்ப அந்த ட்வின்?”

“அவனும் இவன்தான், மிஸ்.”

“நான் அவனுக்காக ஜெபம் பண்ணினேன்” என்றார் எஸ்தர் மிஸ். அவர் குரல் தழுதழுத்தது. கோபப்பட்டிருந்தால்கூட சுவாமிநாதன் தாங்கியிருப்பார்.

ஜட்ஜ் வீட்டு அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று தெரியவில்லை. எஸ்தர் மிஸ் எழுந்து நின்று, பெற்றோர் வரிசையைக் கையால் காட்டினார்.

“இவங்களைப் பாருங்க மிஸ்டர். எல்லாரும் பிள்ளை பெத்தவங்கதான். யாராவது இப்படி ஒரு பொய் சொன்னாங்களா? மிஸ்டர் சுப்புராஜைப் பாருங்க, அவருக்கு உத்தியோகமே பித்தலாட்டத்தைப் பிடிக்கிறதுதான். அவரைப் பாத்தாவது உங்களுக்குக் கூச்சமா இல்லையா?”

மிஸ்டர் சுப்புராஜ் தன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“முடி வெட்டுறவரு வராந்தாவில இருக்காரு. ஒண்ணு, இப்பவே கட்டிங். இல்லேன்னா இப்பவே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருங்க. ஒருத்தருக்காக ரூலை மாத்த முடியாது.”

சிவபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிவேல் காரியத்தை முடித்துவிட்டு, வளையலைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்து, தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். அவன் தலையில் சுவாமிநாதன் கையை வைத்தார். முருகனுக்குக் கொடுத்த வாக்கு கைக்கு அடியில் மெத்தென்று இருந்தது. இதை வெட்டக் கொடுப்பதா, இவனைப் பழனிக்கு அனுப்பிவிட்டு வெறும் பனிக்குள் வீட்டுக்கு வருவதா?

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மிஸ்ஸின் மேல் காட்ட முடியாது. தப்பு தன்னுடையது. காட்டுவதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். பின்பக்கத்திலிருந்து மூச்சு வாங்க அப்போதுதான் வந்து நின்ற சின்னத்தாயியின் பக்கம் திரும்பினார்.

“உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்? முதல்ல இவனக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?”

சின்னத்தாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“அத்தனை அப்பன்மாரும் தனித்தனியா வந்து தம்புள்ளையத்தான் முதல்ல கூட்டிட்டுப் போன்னு காதுல சொன்னா நான் ஒருத்தி என்ன சாமி பண்ணுவேன், சண்முகசுந்தரத்தக் கூட்டிட்டுப் போயி, கந்தவேலக் கூட்டிட்டுப் போயி, பொன்னுவேலக் கொண்டாந்து விடுறதுக்குள்ள உங்க வடிவேலு முந்திக்கிட்டான்!”